வீழ்ச்சியில் விளைந்த வெற்றி

தோல்வி கண்டு துவளாது அதன் காரணத்தைத் தேடுவோர் சிலரே. அவருள் ஒருவர் ஸ்பெயின் தேசத்து மூர்சியா நகரில் 1895ஆம் ஆண்டு பிறந்த ஹுவான் டி லா சியர்வா.

1919இல் அவர் அமைத்த மூன்று இயந்திர விமானம், தாழப் பறக்கையில் வேகங் குன்றி வீழ்ந்து நொறுங்கியது. வேகங் குறைந்தாலும் வீழாத விமானம் வேண்டுமென அவர் உறுதி பூண்டார். எதிர்க்காற்றினால் தாமே சுழலும் விசிறியலகுகளை மேலே பொருத்தினார். முன்னே இழுக்க வழக்கமான இயந்திரம் இருந்தது. ஆயினும் முதல் மூன்று பொறிகளும் பக்கஞ் சரிந்தன. முன்னோக்கி வரும் அலகு மிகுதியாகவும், பின்னோக்கிச் செல்லும் அலகு குறைவாகவும் தூக்கியமையே குறையென்று கண்டார். ஒவ்வோர் அலகையும் அடியிற் பிணைச்சலிட்டு, மேலுங் கீழும் அசையவிட்டார், இருபக்கமும் சமன்பட்டது. 1923 ஜனவரியில் மட்ரிட் நகரருகே நான்காவது பொறி பறந்தது. அதுவே ஒட்டோஜைரோ. 1928இல் தாமே அத்தகைய பொறியொன்றைச் செலுத்தி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார்.

1936 டிசம்பர் 9ஆந் திகதி, லண்டன் குரொய்டனிலிருந்து மூடுபனியிற் கிளம்பிய பிரயாணிகள் விமானம் விபத்துற, அதிற் சென்ற சியர்வா 41 வயதில் மாண்டார். அவர் கண்ட பிணைச்சல் முறையோ, பின்வந்த ஹெலிகொப்டர்களுக்கு ஆதாரமாயிற்று.

மும்முறை சரிந்தும், குறையைக் காற்றின்மேற் சுமத்தாது தம் பொறியில் தேடியவர் அவர். அந்நெறியை நாமும் மேற்கொள்வோமாக.