சங்கம் வளர்த்த தமிழவேள்

தஞ்சை நகரின் வடக்கே வடவாற்றைக் கடந்தால் வருவது கரந்தை. கருந்திட்டைக்குடி என்பது அதன் பழம்பெயர். தேவாரத்துள் பெயர் சுட்டப்பெறும் வைப்புத் தலங்களுள் ஒன்றாக அதனைக் குறிப்பர். அப்பெயர் மக்கள் வழக்கில் கருந்தட்டான்குடியாகி, மேலும் சுருங்கிக் கரந்தையாயிற்று. பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்டு வரும் வீரர் சூடும் பூவுக்கும் கரந்தை என்றே பெயர். நிரை மீட்டலைக் கரந்தைத் திணை எனப் புறப்பொருள் வெண்பாமாலை வகுத்துரைக்கும். ஊர்ப்பெயரும் திணைப்பெயரும் ஒன்றாய் அமைந்தது தற்செயலே. ஆயினும், அவ்வூரிலிருந்து முப்பது ஆண்டுகள் ஒரு சங்கத்தைத் தோளில் தாங்கி நின்ற த. வே. உமாமகேசுவரனாரின் வாழ்வைக் கற்பார்க்கு அப்பொருத்தம் நினைவில் எழாமல் இராது.

அவர் பிறந்தது 7-5-1883. தந்தையார் வேம்பப்பிள்ளை, தாயார் காமாட்சி அம்மையார். இளமையிலேயே தாயை இழந்து சிற்றன்னையின் அரவணைப்பில் வளர்ந்தார். தஞ்சையில் கல்வி பயின்றபின் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அக்காலத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்து இளைஞனுக்கு அது போதிய வாழ்வுதான். அவர் அதனைத் துறந்து, சென்னைச் சட்டக் கல்லூரியில் பயின்று வழக்கறிஞரானார். தொழில் பழகியது தஞ்சையின் பெயர் பெற்ற வழக்கறிஞர் கே. எஸ். சீனிவாசப் பிள்ளையிடம். தமிழ் வரலாறு என்னும் நூலை எழுதிய அதே சீனிவாசப் பிள்ளைதான் அவர். சட்டம் கற்கச் சென்ற இடத்தில் தமிழாராய்ச்சியும் உடன்கிடைத்தது உமாமகேசுவரனாரின் நற்பேறு. ஆட்சியர் அலுவலகத்தில் படிந்த கோப்பு ஒழுங்கும், நீதிமன்றத்தில் பழகிய வாதத் திறமும் பின்னாளில் சங்கப் பணிக்குப் பெரிதும் உதவியிருக்க வேண்டும். தமிழ்ப்பற்று மிகுந்தார் எந்நாளும் பலர் உளர். வரவு செலவு பார்க்கத் தெரிந்த தமிழ்ப்பற்றாளர் சிலரே.

கரந்தைத் தமிழ்ச் சங்கத்தைத் தோற்றுவித்த முதல் முயற்சி அவருடையதன்று. அவர் தம்பி த. வே. இராதாகிருட்டிணப் பிள்ளையுடையது. 14-5-1911 அன்று சங்கம் தொடங்கப்பெற்றது. தம்பியின் ஆர்வத்துக்கு அண்ணன் தலைமை தாங்கினார். அவ்வாண்டின் இறுதியில், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் மறைந்தார் என்பதையும் இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். மதுரைச் சங்கத்தின் பின்னே பாலவனத்தம் நிலக்கிழாரின் செல்வமும் சேதுபதி மன்னரின் துணையும் இருந்தன. கரந்தைச் சங்கத்தின் பின்னே அத்தகைய அரண்மனை ஏதும் இல்லை. வழக்கறிஞரும் ஆசிரியரும் அலுவலகப் பணியாளருமாகிய ஊர்மக்கள் கூடி நடத்திய சங்கம் அது. புரவலர் வளர்த்த தமிழ், உறுப்பினர் வளர்க்கும் தமிழாக மாறிய காலத்தின் வாயிலில் அது நின்றது. தஞ்சையிலேயே, மன்னர் தொகுத்த சரசுவதி மகால் நூலகம் 1918-இல்தான் பொது நூலகமாயிற்று என்பதை நோக்கினால், இம்மாற்றத்தின் அருமை விளங்கும்.

அதே 1918-ஆம் ஆண்டில் தம்பி இராதாகிருட்டிணப் பிள்ளை மறைந்தார். சங்கங்கள் பலவற்றின் வரலாறு இத்தகைய இடத்தில் முடிந்துவிடுவதுண்டு. தொடங்கியவர் மறைவார், ஓரிரு ஆண்டுகள் நினைவுக் கூட்டம் நடக்கும், பின்னர் பெயர்ப்பலகையே எஞ்சும். கரந்தையில் அவ்வாறு நிகழவில்லை. தம்பி தொடங்கியதைத் தம் கடனாக அண்ணன் ஏற்றுக்கொண்டார். உமாமகேசுவரனாரின் இல்லறமும் நெடிது நிலைக்கவில்லை. மனைவி உலகநாயகி அம்மையார் இளமையிலேயே மறைய, அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. நீதிமன்றம் முடிந்த மாலைப் பொழுதுகள் சங்கத்துக்கு உரியனவாயின. வழக்கறிஞர் தொழிலில் ஈட்டியதும் பெரும்பகுதி அவ்வழியே சென்றது.

தம்பி இருந்த காலத்திலேயே, 1916-இல், சங்கம் செந்தமிழ்க் கைத்தொழிற் கல்லூரி என்னும் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. இப்பெயரை ஊன்றி நோக்க வேண்டும். செந்தமிழும் கைத்தொழிலும் ஒரே கூரையின்கீழ் வைக்கப்பெற்றன. தமிழ் மட்டும் கற்றவன் வயிற்றுப் பாட்டுக்குப் பிறரை அண்டி நிற்கும் நிலை அன்று எங்கும் காணக்கிடந்தது. புலவர் வறுமையைத் தனிப்பாடல்களில் படித்து இரங்குவார் உண்டு. அதற்குத் தறியும் தச்சும் மருந்தாகலாம் என எண்ணிய சங்கத்தார் அரியர். தொழிற்பயிற்சியோடு தமிழையும் பெற்று வெளியேறும் மாணவன் எவர் முன்னும் தலைகுனிய வேண்டியதில்லை என்பது அத்திட்டத்தின் உட்கருத்து. கூட்டுறவு இயக்கத்தில் அவர் காட்டிய ஈடுபாட்டுக்கும் இதுவே வேர். கூட்டுறவு முறையில் நாணயச் சங்கமும் அச்சகமும் அமைய அவர் உழைத்தார். அச்சுக்கூலி கொடுக்க இயலாமல் எத்தனையோ இலக்கிய ஏடுகள் நின்றுபோனதை அறிந்தவர்க்கு, ஒரு தமிழ்ச் சங்கத் தலைவர் அச்சகத்தைப் பற்றிக் கவலைப்பட்டதன் பொருள் புரியும்.

தஞ்சை வட்டக் கழகத்தின் பொறுப்பில் அவர் இருந்த பன்னிரண்டு ஆண்டுகள் தனியே எழுதத்தக்கவை. ஏறத்தாழ 40-ஆக இருந்த தொடக்கப் பள்ளிகள் அக்காலத்தில் 170 அளவுக்குப் பெருகின. சிற்றூர்தோறும் இடம் தேடி, ஆசிரியரை அமர்த்தி, பள்ளியை நிலைக்கச் செய்தல் மேடையில் கைதட்டல் பெற்றுத்தரும் பணியன்று. அப்பள்ளிகளில் அரிச்சுவடி தொட்ட உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்பெரியாரின் பெயரே தெரிந்திருக்க வழியில்லை.

திருவையாற்று அரசர் கல்லூரியின் வரலாறு இதனினும் நுட்பமானது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தாரின் அறக்கட்டளை வருவாயில் நடந்த அக்கல்லூரியில் நெடுங்காலம் வடமொழி மட்டுமே கற்பிக்கப்பட்டது. காவிரிக் கரையில், தமிழ்நிலத்தின் விளைச்சலில் நடக்கும் கல்லூரியில் தமிழுக்கு இடமில்லை. 1920-களில் தஞ்சை மாவட்டக் கழகத் தலைவராக விளங்கிய ஏ. டி. பன்னீர்செல்வமும் உமாமகேசுவரனாரும் இதனை மாற்ற முனைந்தனர். அறக்கட்டளை கல்வியின் பொருட்டு ஏற்பட்டது, ஒரு மொழியின் பொருட்டு மட்டும் ஏற்பட்டதன்று என்பது அவர்கள் தரப்பு வாதம். முடிவில் தமிழ்ப் புலவர் வகுப்பு அங்கே இடம்பெற்றது. வடமொழிக் கல்வி அகற்றப்படவில்லை. தமிழ் அதன் அருகே அமர்ந்தது. அதன்பின் பல தலைமுறைத் தமிழாசிரியர்கள் அக்கல்லூரியிலிருந்து தமிழகப் பள்ளிகளுக்குச் சென்றனர். கரந்தைத் திணையின் பொருள் இந்நிகழ்ச்சிக்குப் பொருந்துவதுபோல் பிறிதொன்றுக்குப் பொருந்தாது.

1925-இல் சங்கத்தின் திங்களிதழாகத் தமிழ்ப்பொழில் மலர்ந்தது. ஆண்டுத் தொகுதியைத் துணர் என்றும், திங்கள்தோறும் வரும் இதழை மலர் என்றும் வழங்கினர். பொழில் எனப் பெயரிட்டபின் அதற்கேற்பத் துணரும் மலரும் வைத்த அழகு கவிஞர்க்கு மகிழ்வு தருவது. கரந்தைக் கவியரசு அரங்க. வேங்கடாசலம் பிள்ளை, கல்வெட்டு ஆராய்ச்சியில் தோய்ந்த தி. வை. சதாசிவ பண்டாரத்தார் முதலியோரின் எழுத்துக்கள் அதில் வெளிவந்தன. பெயர்முன் இடும் வடமொழி அடைக்கு மாற்றாகத் திரு என்னும் சொல்லை வழக்குக்குக் கொண்டுவர உழைத்தவர்களுள் கரந்தையார் முன்னணியில் நின்றனர். சங்கத்தின் அழைப்பிதழ், அறிக்கை, கடிதம் யாவும் தூய தமிழில் அமைந்தன. இத்தூய்மை நாட்டம் சிற்சில இடங்களில் நடையை இறுகச் செய்ததும் உண்மை. பொழிலின் பழைய துணர்களைப் புரட்டுவோர், ஓட்டம் குன்றிய தொடர்களையும் அங்கங்கே காண்பர். எனினும், தமிழால் எழுத முடியுமா என்னும் ஐயமே அறிவாளரிடம் நிலவிய நாளில், எழுதிக் காட்டுவதுதான் தலையாய கடமையாயிருந்தது என்பதை மறத்தலாகாது.

பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மனோன்மணீய நாடகத்தின் தமிழ்த்தெய்வ வணக்கத்தைக் கூட்டத் தொடக்கத்தில் பாடும் வழக்கம் கரந்தையில் வேரூன்றியது. படிப்பதற்கென எழுதப்பட்ட ஒரு நாடகத்தின் பாயிரப்பகுதி, மக்கள் எழுந்து நின்று கேட்கும் பாடலாயிற்று. தமிழைச் செம்மொழியாகப் பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டும், தமிழுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்னும் கோரிக்கைகளும் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே சங்கத்தின் ஆண்டு விழாக்களில் தீர்மானங்களாயின. 1937-இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்படவிருந்தபோது, எதிர்த்துத் தீர்மானம் இயற்றியவற்றுள் கரந்தைச் சங்கம் முற்பட்டது. உமாமகேசுவரனார் நீதிக் கட்சியைச் சார்ந்தவர். அக்கட்சியின் அரசியலோடு உடன்படாத தமிழன்பர் பலர் அன்று இருந்தனர். அவர்களும் ஏற்கத்தக்க பொது இடமாகத் தமிழைக் காட்டியதிலேயே அவருடைய தலைமைத் திறம் வெளிப்படுகிறது. புலவர் உலகம் அவரைத் தமிழவேள் என்று அழைத்தது.

1938-இல் சங்கம் வெள்ளிவிழாக் கண்டது. அவ்வாண்டிலேயே கரந்தைப் புலவர் கல்லூரியும் தோன்றியது. நாவலர் ந. மு. வேங்கடசாமி நாட்டார் 1940-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது, உமாமகேசுவரனாரின் வேண்டுகோளை ஏற்று, ஊதியமின்றி இக்கல்லூரியின் முதல்வர் பொறுப்பை மேற்கொண்டார். அகநானூற்றுக்கும் சிலப்பதிகாரத்துக்கும் உரை கண்ட ஒரு பேரறிஞர் ஊதியம் கொள்ளாது வந்து அமர்ந்தார் எனின், அழைத்தவர்பால் அவர் கொண்டிருந்த மதிப்பை வேறு சொல்லி விளக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் ஒரு விலை இருந்தது. உமாமகேசுவரனார் பெயரால் பெருநூல் என்று சுட்டத்தக்கது ஒன்றுமில்லை. கட்டுரைகளும் தலைமையுரைகளுமே எஞ்சியுள்ளன. அவற்றின் தெளிவையும் சட்ட அறிஞர்க்குரிய கட்டுக்கோப்பையும் காணும்போது, அவர் எழுதாமல் விட்டவை பற்றிய ஏக்கம் எழுவது இயல்பு. பிறர் எழுதுவதற்கு ஏடும் அச்சும் இடமும் தேடித் தந்தவர் தம் எழுதுகோலை ஒதுக்கி வைத்தார். இலக்கிய வரலாறுகள் நூலாசிரியர்களையே வரிசைப்படுத்துவதால், அவற்றில் அவருக்கு ஒரு பத்திக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. இது அவ்வரலாறுகளின் குறை.

சங்கத்தையும் கல்லூரியையும் பல்கலைக்கழகமாக உயர்த்த வேண்டும் என்பது அவருடைய இறுதி அவா. அதற்கு முன்மாதிரியாக அவர் கண்டது இரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதனை. தாய்மொழியும் கலையும் கைத்தொழிலும் ஒருங்கே பயிலப்பட்ட அவ்விடம், 1916-இல் கரந்தையார் சிறிய அளவில் முயன்றதன் பெரிய வடிவமாக அவருக்குத் தோன்றியிருக்கலாம். 1941-இல் வங்கம் சென்று அதனைப் பார்வையிட்டார். அப்பயணத்தில் அயோத்திக்கு அருகில் உடல்நலம் குன்றி, 9-5-1941 அன்று உயிர் நீத்தார். ஐம்பத்தெட்டாம் பிறந்தநாள் கழிந்து இரண்டே நாள்கள் ஆகியிருந்தன. சங்கத்தின் முப்பதாண்டு நிறைவுக்கு ஐந்து நாள்கள் இருந்தன. தமிழ் வழங்காத மண்ணில் அவர் வாழ்வு முடிந்தது. தாகூரும் அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் மறைந்தார். திருவையாற்றுப் பணியில் தோள்கொடுத்த பன்னீர்செல்வம் முந்தைய ஆண்டிலேயே ஓமான் வளைகுடா அருகே வானூர்தி விபத்தில் மறைந்திருந்தார்.

1918-இல் எழுந்த வினாவே 1941-இல் மீண்டும் எழுந்தது. இம்முறை பொறுப்பேற்க அண்ணன் இல்லை. ஆனால் கல்லூரி இருந்தது, இதழ் இருந்தது, பள்ளி இருந்தது, அவற்றில் பழகிய ஆள்கள் இருந்தனர். நாட்டார் 1944-இல் தாம் மறையும்வரை கல்லூரியைக் காத்தார். விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து ஆக்கிய யாழ்நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கமே பதிப்பித்து 1947-இல் வெளியிட்டது. மனோன்மணீய வணக்கப்பாடலைத் தமிழ்நாட்டு அரசு 1970-இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. தமிழுக்கான பல்கலைக்கழகம் 1981-இல் அமைந்தது. அதுவும் தஞ்சையிலேயே, ஆனால் நகரின் தென்மேற்கே, வல்லம் செல்லும் வழியில். செம்மொழி அறிவிப்பு 2004-இல் வந்தது. தம்பியின் பெயரால் ஒரு பள்ளியும் அண்ணன் பெயரால் ஒரு பள்ளியும் வடவாற்றின் வடகரையில் சங்க நிறுவனங்களாக நின்றன.