துணிக்கடைச் சிறுவன் தந்த சீருடை

காலை வேளையில் ஏழாயிரம்பண்ணைச் சாலையில் நின்று பார்ப்போருக்கு இரண்டு ஊர்வலங்கள் தெரியும். ஒன்று, சீருடை உடுத்தி, புத்தகப் பை சுமந்து, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் ஊர்வலம். மற்றொன்று, தூக்குச்சட்டி ஏந்தி, வண்டியேறி, பட்டாசு ஆலைக்குப் போகும் உழைப்பாளிகளின் ஊர்வலம். முதல் ஊர்வலத்தில், இவன் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று உடையைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டாவது ஊர்வலத்தில் சொல்லிவிடலாம். சாயம் போன சேலை, காலர் கிழிந்த சட்டை, அதன்மீது எத்தனை துவைத்தாலும் போகாத அலுமினியப் பொடியின் வெள்ளிப் பூச்சு! ஏழ்மைக்கு வேறு அடையாளமும் வேண்டுமோ?

முதல் ஊர்வலம் தானாகக் கிளம்பிவிடவில்லை, தோழர்களே! அதற்கு வழி வகுத்தவர்களில் முதன்மையானவர் இந்த மாவட்டத்து மண்ணிலே பிறந்தவர். சாத்தூர்த் தொகுதியிலே வென்று கோட்டைக்குச் சென்றவர். காமராசர்! அவர் மறைந்து அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. சிலைக்கு மாலை சூட்ட ஆட்கள் ஏராளம்; அந்தப் பணியை அவர்களிடமே விட்டுவிடுவோம். அவர் தொடங்கி வைத்த வேலையில் மிச்சம் ஒன்று கிடக்கிறது. அதை நினைவூட்டவே அவர் வாழ்க்கையை இங்கே எடுத்துரைக்கிறோம்.

1903 ஜூலை 15. விருதுநகர் அப்போது விருதுப்பட்டி. தேங்காய் வணிகம் செய்த குமாரசாமிக்கும் சிவகாமி அம்மைக்கும் பிறந்தார். அவர் பிறந்த சமுதாயம், கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட சமுதாயம். கமுதிக் கோயிலில் நுழைந்ததற்காக வழக்கு மன்றத்திலே நிறுத்தப்பட்டனர் அந்த மக்கள். 1899இல் சிவகாசி கலவரத் தீயில் வெந்தது. கோயில் கதவு சாத்தப்பட்டபோது அவர்கள் கல்விக் கதவைத் தட்டினர். வணிகத்தில் மகமை எடுத்து, அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டினர். அப்படி எழுந்த சத்திரிய வித்யாசாலையில் படித்த பிள்ளைதான் காமராசர்.

படித்தார், ஆனால் எதுவரை? ஆறு வயதில் தந்தை மறைந்தார். குடும்பம் தள்ளாடியது. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. தாய்மாமன் கருப்பையாவின் துணிக்கடையிலே வேலைக்கு நின்றார். பாடப் புத்தகம் பிடிக்க வேண்டிய கை, அளவுகோல் பிடித்தது. நாட்டின் தலைமையமைச்சர் யார் என்று முடிவு செய்யும் நிலைக்குப் பிற்காலத்தில் உயர்ந்தவர், இளமையிலே ஒரு குழந்தைத் தொழிலாளி! இதை மறந்துவிட்டு அவர் ஆட்சியைப் புரிந்துகொள்ள முடியாது. துணிக்கடையில் நிற்பவனுக்குத் துணியின் விலை தெரியும். பிள்ளைக்கு ஒரு சட்டைத் துணி கேட்டு, விலையைக் கேட்டு, முந்தானை முடிச்சை அவிழ்க்காமலே திரும்பிப் போகும் தாயின் முகமும் தெரியும்.

கடையில் அவர் மனம் நிற்கவில்லை. ஊர்வலம், பொதுக்கூட்டம் என்று கால்கள் ஓடின. இவனை அரசியல் கெடுத்துவிடும் என்று அஞ்சிய குடும்பத்தார், திருவனந்தபுரத்தில் இருந்த மற்றொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பினர். அங்கேயோ, 1924இல் வைக்கம் போராட்டம்! கோயிலைச் சுற்றிய தெருவிலே தாழ்த்தப்பட்டோர் நடக்கும் உரிமைக்காகத் தந்தை பெரியார் சிறை சென்ற களம் அது. அந்தக் களத்துக்கு மரக்கடை இளைஞரும் போனார். தீயை அணைக்க அனுப்பிய இடத்தில் எண்ணெய் ஊற்றப்பட்டது!

அதே காலத்தில் சிவகாசியிலே வேறொரு தீ பற்றியது. 1922இல் அய்யநாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். வானம் பார்த்த கரிசல் பூமிக்கு ஒரு தொழில் கிடைத்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும், அச்சகமும் வந்தன. அடுப்பு எரிந்தது. ஆனால் அந்த அடுப்புக்கு விறகானவர் யார்? பிஞ்சுக் கைகள்! குச்சி அடுக்கவும், பெட்டி ஒட்டவும், குழாய் சுற்றவும் சின்ன விரல்கள்தாம் வசதி என்று கண்டுகொண்டது வணிகம். விடியுமுன்னே ஊர் ஊராக வண்டி வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை அள்ளிச் செல்லும். இருட்டிய பின்னே கொண்டுவந்து இறக்கும்.

காமராசர் சிறைக்கும் ஊருக்குமாக நடந்தார். 1930இல் உப்புப் போராட்டம், சிறை. 1933இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கு. குற்றமற்றவர் என்று வெளிவந்தார். 1937இல் சட்டமன்ற உறுப்பினர். 1940இல் தமிழ்நாடு காங்கிரசுத் தலைவர். வேலூர்ச் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளியே வந்ததும் அந்தப் பதவியை விட்டு விலகினார். 1942இல் மீண்டும் சிறை. எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கம்பிக்குப் பின்னே!

1953இல் ஆச்சாரியார் ஆட்சி ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தது. அரைநாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில். நாடு அதற்குச் சூட்டிய பெயர் குலக்கல்வி. குயவன் மகன் சக்கரம் சுற்று, வண்ணான் மகன் வெளுக்கக் கற்றுக்கொள் என்ற ஏற்பாடு! அது நிலைத்திருந்தால், ஏழாயிரம்பண்ணையின் பிள்ளைக்கு அரைநாள் எழுத்து, அரைநாள் வெடிமருந்து என்றல்லவா விதிக்கப்பட்டிருக்கும்! திராவிட இயக்கம் திரண்டு எழுந்தது. ஆச்சாரியார் விலகினார். 1954 ஏப்ரல் 13இல் காமராசர் முதலமைச்சரானார். குலக்கல்வியைக் குழிதோண்டிப் புதைத்தார். அவர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றபோது, எதிர்முகாமில் இருந்த கழகம் ஆதரவுக் கரம் நீட்டியது. கொள்கைக்காக நீட்டப்பட்ட கரம் அது.

ஆட்சிக்கு வந்தவர் முதலில் செய்தது என்ன? மூடிய பள்ளிகளைத் திறந்தார்; பள்ளியில்லா ஊர்களுக்குப் பள்ளி கொடுத்தார். பள்ளி வந்தது, பிள்ளை வரவில்லை. ஏன் வரவில்லை? பசி! வயிறு காய்ந்த பிள்ளைக்கு ஆத்திசூடி ஏறுமோ? நீதிக்கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயர், 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியிலே பகலுணவு போட்டுக் காட்டிய வழி இருந்தது. அதை நாடு முழுதும் விரித்தார் காமராசர். 1956இல் எட்டயபுரத்தில் பகலுணவுத் திட்டம் தொடங்கிற்று. ஏழாயிரம்பண்ணையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாவிட்டாலும், மாட்டுவண்டி கட்டிப் போய்வரும் தூரந்தான்! பணம் ஏது என்று கேட்ட அதிகாரிகள் உண்டு. ஊர் கொஞ்சம், அரசு கொஞ்சம் என்று பங்கு போட்டு அடுப்பு மூட்டப்பட்டது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அந்தப் பணியில் தோளோடு தோள் நின்றார்.

சோறு வந்தது. அப்போதும் வராத பிள்ளைகள் இருந்தனர். காரணம், உடை! மிராசுதார் மகன் மடிப்புக் கலையாத சட்டையில் வருவான். அவன் பக்கத்தில், கோவணத்தோடும் கிழிசலோடும் எப்படி உட்காருவான் கூலிக்காரன் மகன்? பசியையாவது தாங்குவான், கேலியைத் தாங்கமாட்டான் சிறுவன். ஊர்தோறும் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் நாற்காலி, கரும்பலகை, கட்டடம் என்று மக்கள் நன்கொடை குவித்தனர். அந்த நன்கொடையிலே பிள்ளைகளுக்குச் சீருடையும் வந்தது. பணக்காரன் மகனும் பாட்டாளி மகனும் ஒரே நிறத் துணியில் ஒரே பலகையில் அமர்ந்தனர். சாதியையும் பணத்தையும் சட்டையிலே எழுதி வைத்திருந்த சமுதாயத்துக்கு, ஒரு முழத் துணி தந்த சாட்டையடி அது! துணிக்கடையிலே நின்ற சிறுவன்தான் அந்தத் துணியின் பொருளை அறிவான். 1960இல், ஆண்டு வருமானம் 1,200 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளிவரை கட்டணமில்லை என்றும் ஆணை பிறந்தது.

தனக்கென்று அவர் வைத்துக்கொண்ட உடை என்ன? கதர் வேட்டி, முழங்கை தொடும் கதர்ச் சட்டை, தோளில் ஒரு துண்டு. 1966இல் சோவியத்து நாட்டுக்குச் சென்றபோதும் அதே வேட்டி, அதே சட்டை!

1963 அக்டோபர் 2இல் முதலமைச்சர் பதவியைத் தாமே துறந்தார். அகில இந்தியக் காங்கிரசுத் தலைவரானார். நேரு மறைந்தபின் சாஸ்திரி, சாஸ்திரி மறைந்தபின் இந்திரா என இரண்டு தலைமையமைச்சர்களை அமர்த்தியதில் அவர் கை இருந்தது. மொழிப் போரிலே நாம் எதிரெதிர் நின்றோம். 1967இல் விருதுநகரிலே, அவர் பிறந்த ஊரிலே, கழகத்தின் மாணவத் தோழர் சீனிவாசன் அவரை வென்றார். எதிர்க்க வேண்டியதை எதிர்த்தோம். போற்ற வேண்டியதைப் போற்றவும் தெரிந்தவர்கள் நாம். 1975 அக்டோபர் 2இல் அவர் கண் மூடியபோது, கலைஞர் தலைமையிலான கழக அரசு, அரசு மரியாதையுடன் விடை கொடுத்தது. அவர் பிறந்த நாளைக் கல்வி வளர்ச்சி நாளாக 2006இல் அறிவித்ததும் கலைஞரின் அரசே. சேர்த்துவைத்த செல்வம் என்று காமராசர் வீட்டில் ஏதும் இல்லை. சில வேட்டி சட்டைகள் இருந்தன, புத்தகங்கள் இருந்தன.

இனி, மிச்சம் கிடக்கும் வேலைக்கு வருவோம்.

சோறும் சீருடையும் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தன. ஆனால் தீப்பெட்டி வண்டியும் எதிர்ப்புறம் இழுத்துக்கொண்டே இருந்தது. வீட்டிலே கடன், முன்பணம் வாங்கிய தகப்பன், பிள்ளையின் கூலி இல்லையேல் உலை இல்லை. காமராசர் மறைந்த பிறகும் அந்த இழுபறி ஓயவில்லை. சிவகாசிக் குழந்தைகளுக்காக வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: பிள்ளையை ஆபத்தான வேலைக்கு வைத்த முதலாளி, பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும். 1986இல் ஒரு சட்டம். 2009இல் கல்வி உரிமைச் சட்டம். 2016இல் பதினெட்டு வயது நிரம்பாத எவரையும் ஆபத்தான தொழிலில் அமர்த்தலாகாது என்ற திருத்தம். சத்துணவு வந்தது, முட்டை வந்தது, 2022 செப்டம்பர் 15இல் காலை உணவும் வந்தது. கரிசல் காட்டுப் பிள்ளை இன்று பள்ளியில் இருக்கிறான் என்றால், இத்தனை கைகள் சேர்ந்து பிடித்து அமர்த்தியதால்தான்.

ஆனால் பதினெட்டு வயது நிரம்பிய மறுநாள்? சீருடையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அண்ணன் ஏறிய அதே வண்டியில் ஏறுகிறான் தம்பி. அக்காள் போன அதே அறைக்குப் போகிறாள் தங்கை. அறையிலே வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி. உராய்ந்தால் பற்றும், பற்றினால் ஓட வழியில்லை. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் 38 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12இல், ஏழாயிரம்பண்ணையை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அளவுக்கு மீறி ஆட்களை அடைத்தது, உள்குத்தகைக்கு விட்டது என்று ஒவ்வொரு முறையும் காரணங்கள் பேசப்படுகின்றன. பேச வேண்டியவைதாம். ஆனால் அந்த உழைப்பாளியின் உடம்பிலே என்ன துணி இருந்தது என்று கேட்டவர் எத்தனை பேர்?

மலிவாகக் கிடைப்பது பாலியெஸ்டர். நைலான் கலந்த சேலை. அந்தத் துணி உடம்போடு உரசும்போது மின்னேற்றம் பிறக்கும். காற்று வறண்ட நாளிலே சிறு பொறியும் தெறிக்கும். வெடிமருந்து அறைக்கு அந்தப் பொறி போதாதா? தீப்பற்றினால் அந்தத் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி அப்படி உருகாது. வெடிமருந்து அறைக்குப் பருத்தி உடைதான் ஏற்றது என்பது முதலாளிக்குத் தெரியாத செய்தியன்று, தொழிலாளிக்கும் தெரியும். ஆனால் வாங்கித் தருவது யார்? நாட்கூலிக்காரன் தன் கூலியிலே வாங்கிக்கொள்ள வேண்டுமென்றால், கிடைத்ததை உடுத்திக்கொண்டுதான் வருவான்.

மாலையில் அதே உடையோடு வீடு திரும்புகிறாள் தாய். ஓடிவந்து மடியில் ஏறுகிறது குழந்தை. ஆலை வாசலைத் தாண்டக்கூடாத பொடி, அந்தச் சேலை வழியாகத் தொட்டில் வரை வந்துவிடுகிறது! குழந்தையை ஆலைக்குப் போகாமல் தடுத்தோம். ஆலை குழந்தையிடம் வராமல் தடுத்தோமா?

ஆகவே நாம் கேட்கிறோம். பள்ளிப் பிள்ளைக்கு அரசு உடை தருகிறது. பட்டாசுத் தொழிலாளிக்கு ஆலை உடை தரட்டும். ஆண்டுக்கு இரண்டு இணை, தூய பருத்தியில், பையில்லாத உடை, முதலாளியின் செலவில். வேலைக்கு முன் மாற்றிக்கொள்ள ஓர் அறை, வேலை முடிந்து குளிக்கத் தண்ணீர், அழுக்குடையை ஆலையிலேயே வெளுக்க ஏற்பாடு. பள்ளிச் சீருடைக்குத் துணி நெய்யும் கூட்டுறவுத் தறிகள் இதற்கும் நெய்யட்டும். நெசவாளிக்கும் வேலை கிடைக்கும். பருத்திச் சட்டை வெடிப்பைத் தடுத்துவிடுமா என்று கேட்பர். எல்லா வெடிப்பையும் தடுக்காது. ஒரு பொறியைத் தடுக்கும். ஓர் உடம்பைக் காக்கும். அது போதாதா தொடங்குவதற்கு? எட்டயபுரத்திலே முதல் பானை பொங்கியபோது, நாட்டின் பசி முழுதும் தீர்ந்துவிட்டதா என்ன?

பள்ளியை முடித்த இளைஞனுக்கும் வழி வேண்டும். புதுமைப்பெண் திட்டம் 2022இலும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் கல்லூரிப் படிக்கு ஏற உதவிக் கரம் நீட்டின. அந்தப் படி ஏழாயிரம்பண்ணையின் ஒவ்வொரு தெருவுக்கும் எட்ட வேண்டும். கல்லூரி எட்டாதவர்க்குத் தொழிற்பயிற்சி எட்ட வேண்டும். பட்டாசு ஆலைக்குப் போகிறவன், வேறு கதவுகளும் திறந்திருக்க, தானே தேர்ந்து போகட்டும். கதவுகள் எல்லாம் சாத்தப்பட்டதால் போகவேண்டாம்.

தோழர்களே! உங்கள் ஊர் ஆலையிலே உடை தருகிறார்களா என்று கேளுங்கள். தொழிற்சங்கம் இருந்தால் கோரிக்கைப் பட்டியலில் முதல் வரியாக எழுதுங்கள். இல்லையேல், சங்கம் அமைப்பதற்கே இதைக் காரணமாக்குங்கள். ஆறாம் வகுப்போடு நின்ற ஒரு துணிக்கடைச் சிறுவன், ஒரு நாட்டின் பிள்ளைகளுக்கே உடை தர வழி கண்டார். ஆலை நடத்தும் முதலாளிமார், தம்மிடம் உழைப்போருக்கு ஆளுக்கு இரண்டு பருத்திச் சட்டை தர வழியில்லை என்று சொல்வார்களேயானால், அதை நம்ப நாம் தயாராக இல்லை.