சீகன்பால்கு ஐயரும் சிற்றெழுத்தும்

தமிழுக்கு மேனாட்டார் ஆற்றிய தொண்டினை எடுத்துரைப்போர் சீகன்பால்கு ஐயரை மறவார். அவர்தம் வேதாகம மொழிபெயர்ப்பினை யாவரும் போற்றுவர். அஃது அச்சு நூலாய் நிறைவெய்தத் துணைநின்ற சிற்றெழுத்தின் வரலாற்றை அறிந்தார் சிலரே.

பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஜெர்மனி தேசத்துச் சாக்சனி நாட்டில், புல்ஸ்நிட்ஸ் என்னும் ஊரில் 1682-ம் ஆண்டு பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவர், ஹாலே நகரிற் பிராங்கே என்னும் பெரியாரிடம் கற்றார். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கு விடுக்க, புளூட்சோ என்பாருடன் 1706-ம் ஆண்டு ஜூலை மாதம் 9-ம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்து, மணலிலே விரலால் எழுதித் தமிழ் நெடுங்கணக்கைப் பயின்றார். 1708-ல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். இடையே கோட்டைத் தலைவர் அவரை நான்கு மாதம் சிறையிலிட்டும் தளராது 1711-ல் அதனை முடித்தார்.

ஏட்டில் எழுதுவித்தால் காலமும் பொருளும் மிகச் செலவாகும் ஆதலின் ஐயர் அச்சினை நாடினார். இங்கிலாந்திலுள்ள கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கத்தார் அச்சுப்பொறியும் காகிதமும் அனுப்பினர். அவை ஏறிவந்த கப்பல் பிரெஞ்சுக்காரர் கையிற் சிக்கி மீண்டது. உடன்வந்த அச்சுத் தொழிலாளரோ வழியிலேயே இறந்தார். 1713-ல் ஹாலேயினின்று தமிழெழுத்துக்கள் வந்து சேர்ந்தன. அவை உருவிற் பெரியன. அவ்வெழுத்தால் நான்கு சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் 1714-ல் அச்சிட்டனர். பக்கமொன்றிற் சில சொற்களே அடங்கியமையால் காகிதம் விரைந்து குறைந்தது. கடல்கடந்து வரவேண்டிய பொருள் அது. நிருபங்களும் வெளிப்படுத்தின விசேஷமும் எஞ்சிநிற்க, நூல் குறையாய் நின்றுவிடுமோ என்னும் நிலை நேர்ந்தது.

அந்நாளில் அச்சுக்கூடத்தில் இருந்த ஆட்லர் என்னும் ஜெர்மானியர் சிற்றெழுத்து வார்க்க முற்பட்டார். வார்ப்பதற்கு ஈயம் வேண்டுமே! இங்கிலாந்தினின்று வந்த பாற்கட்டிகளைப் பொதிந்திருந்த ஈயத் தகடுகளை உருக்கி எழுத்தாக்கினர் என்பர்.

தமிழெழுத்தைச் சிறிதாக்குதல் எளிதன்று. றன்னகரத்திற்கும் டண்ணகரத்திற்கும் உள்ள வேற்றுமை ஒரு சுழியே. எழுத்தை அளவின்றி ஒடுக்கினால் சுழிக்குள் மை நிறைந்து ஒன்று மற்றொன்றாய் மயங்கும். ஒடுக்காது விடுத்தால் வரி நீண்டு காகிதம் வீணாகும். கண்ணுக்குத் தெளிவும் தாளுக்குச் சிக்கனமும் ஒருங்கே பொருந்த அமைதலே சிற்றெழுத்தின் சிறப்பு. அதன் துணையால் 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் நிறைவேறியது. பின்னர்ப் பொறையாற்றிற் காகித ஆலையொன்றும் நிறுவப்பட்டது.

பழைய ஏற்பாட்டை ரூத்தின் சரித்திரம் வரை பெயர்த்த ஐயர், 1719-ம் ஆண்டு பிப்ரவரி 23-ம் நாள் இறைவனடி சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 36. தாம் கட்டுவித்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே அவர் அடக்கஞ் செய்யப்பெற்றார். எஞ்சிய பகுதியைச் சூல்ச் ஐயர் நிறைவேற்றினார்.

பெருநூல் ஒன்று முற்றுப்பெறுதற்குப் புலமை மட்டும் போதாது. பெயர் விளங்காத தொழிலாளரின் உளியும் உலையும் வேண்டும். நூலைக் கையிலெடுக்கும் நாம் ஆசிரியரை நினைக்குந்தோறும் எழுத்து வார்த்தோரையும் நினைத்தல் கடனாகும்.