நிறைமாதத்தில் ஹஜ் கிளம்பியவர்: யார் இந்த அஸ்மா?

திண்டுக்கல் பக்கம் ஆத்தூரிலிருந்து ஹஜ் போகிறவர்கள் முதலில் மதீனாவுக்குப் போனால், அங்கிருந்து மக்கா போகும் வழியில் துல்ஹுலைஃபாவில் இறங்கி இஹ்ராம் கட்டுவார்கள். இப்படி இஹ்ராம் கட்டும் எல்லைக்குப் பெயர் மீக்காத். மதீனாவிலிருந்து சுமார் 10 கி.மீ. தூரம்தான். அஸ்மா பின்த் உமைஸுக்குப் பிரசவமானது இங்கேதான்.

இஸ்லாத்தை ஆரம்பத்திலேயே ஏற்றவர் அஸ்மா. மக்காவில் கொடுமை தாங்காமல் கணவர் ஜஅஃபருடன் அபிசீனியாவுக்குப் போனார். 628-ல் மதீனா வந்தார். மறுவருஷமே முஅத்தா போரில் ஜஅஃபர் இறந்துபோனார். கையில் மூன்று பிள்ளைகள். பிறகு அபூபக்கரை மணந்தார்.

632-ல் நபிகள் நாயகத்தின் இறுதி ஹஜ்ஜுக்கு நிறைமாதத்தோடு கிளம்பினார். துல்ஹுலைஃபாவிலேயே மகன் முஹம்மது பிறந்தார். இனி ஹஜ் அவ்வளவுதானா? நபிகளிடம் கேட்டனுப்பினார்கள். திரும்ப வேண்டாம், குளித்து, உதிரத்துக்குத் துணி கட்டிக்கொண்டு இஹ்ராம் கட்டலாம், கஅபாவைச் சுற்றுவது மட்டும் சுத்தமான பிறகு என்று வழி சொல்லப்பட்டது.

634-ல் அபூபக்கர் இறந்தபோது, அவர் விருப்பப்படி உடலைக் குளிப்பாட்டியவர் அஸ்மாதான். பின்னர் அலியை மணந்தார்.

மாதவிடாய் வந்துவிட்டதே என்று மீக்காத்தில் கலங்கும் பெண்களுக்கு இன்றும் சொல்லப்படுவது அஸ்மாவுக்குச் சொன்ன அதே வழிதான்.