யார் இந்த ஜோசப் மெக்கார்த்தி? ராணுவத்தையே கூண்டில் ஏற்றியவர் வீழ்ந்தது எப்படி?

தீவிரவாத எண்ணம் கொண்டவர்கள் படைக்குள் நுழையாமல் வடிகட்டுவது ராணுவத்தின் வேலை. அது ஒழுங்கா நடக்குதான்னு கேட்பது மக்கள் பிரதிநிதிகளின் வேலை. சரி, கேள்வி கேட்பவரே வரம்பு மீறினால்? 1954-ல் அமெரிக்கா சந்தித்த சிக்கல் இதுதான். அதன் மையத்தில் இருந்தவர் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி.

கோழிப்பண்ணை டு செனட்

1908-ல் விஸ்கான்சின் மாகாணத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 14 வயதில் படிப்பை நிறுத்திட்டு கோழி வளர்த்தார். தொழில் நொடித்தது. மீண்டும் பள்ளிக்குப் போய், 4 வருஷப் படிப்பை ஒரே வருஷத்தில் முடித்தார். வக்கீல், நீதிபதி, இரண்டாம் உலகப் போரில் மரைன் படை அதிகாரி எனப் படிப்படியாக உயர்ந்து, 1946-ல் செனட் தேர்தலில் வென்றார்.

1950 பிப்ரவரியில் வீலிங் நகரில் பேசியபோது, வெளியுறவுத் துறையில் கம்யூனிஸ்டுகள் இருப்பதாகவும், பட்டியல் தன் கையில் இருப்பதாகவும் சொன்னார். எண்ணிக்கை ஒவ்வொரு மேடையிலும் மாறியது. ஆனாலும் ஒரே இரவில் நாடறிந்த தலைவராகிவிட்டார்.

ராணுவத்தின் பக்கம் திரும்பியது ஏன்?

1953-ல் செனட் விசாரணைக் துணைக்குழுவின் தலைவரானார். நியூஜெர்சியில் உள்ள ஃபோர்ட் மான்மவுத் ராணுவ ஆய்வுக்கூடத்தில் உளவாளிகள் இருப்பதாகச் சொல்லி விசாரணையைத் தொடங்கினார். ஊழியர்கள் பலர் சஸ்பெண்ட் ஆனார்கள். உளவாளி ஒருவர்கூட சிக்கவில்லை.

அடுத்து சிக்கியது ஒரு பல் மருத்துவரின் ஃபைல். ராணுவத்தில் கேப்டனாக இருந்த இர்விங் பெரெஸ், அரசுக்கு எதிரான அமைப்புகளில் உறுப்பினரா என்ற படிவக் கேள்விக்குப் பதில் தர மறுத்திருந்தார். அப்படியிருந்தும் மேஜராகப் பதவி உயர்வு கிடைத்தது. மெக்கார்த்தி விசாரித்த சில நாட்களிலேயே, கௌரவமாகவே விடுவிக்கப்பட்டார்.

உண்மையில் இது நியாயமான கேள்விதான். ஆனால் மெக்கார்த்தி அதைக் கேட்ட விதம்? போரில் பதக்கங்கள் வென்ற ஜெனரல் ரால்ஃப் ஸ்விக்கரை வரவழைத்து, சீருடை அணியவே தகுதியில்லாதவர் என்று அவமானப்படுத்தினார்.

36 நாள் நேரலை

ராணுவமும் சும்மா இருக்கவில்லை. மெக்கார்த்தியின் வக்கீல் ராய் கோனுக்கு நெருக்கமான டேவிட் ஷைன் ராணுவத்தில் சேர்க்கப்பட்டிருந்தார். அவருக்குச் சலுகை கேட்டு இருவரும் நெருக்கடி கொடுத்ததாகப் புகார் வெளியானது. தன் விசாரணையை முடக்கவே ஷைனைப் பகடைக்காயாக்குவதாக மெக்கார்த்தி பதிலடி கொடுத்தார்.

ஏப்ரல் 22 முதல் ஜூன் 17 வரை 36 நாள் நடந்த விசாரணையைக் கோடிக்கணக்கானோர் டிவியில் பார்த்தார்கள். ஜூன் 9-ல், ராணுவத்தின் வழக்கறிஞர் ஜோசப் வெல்ச்சின் அலுவலகத்தில் வேலை பார்த்த இளைஞர் ஒருவரை, சம்பந்தமே இல்லாமல் இழுத்தார் மெக்கார்த்தி. உங்களுக்கு மனசாட்சியே இல்லையா என்ற தொனியில் வெல்ச் திருப்பிக் கேட்க, அரங்கமே கைதட்டியது. கேலப் கருத்துக்கணிப்பில் ஜனவரியில் 50% ஆக இருந்த ஆதரவு, ஜூனில் 34% ஆகச் சரிந்தது.

கடைசியில் என்ன ஆச்சு?

1954 டிசம்பர் 2-ல், 67-22 என்ற வாக்குகளில் செனட் அவரைக் கண்டித்தது. செனட்டை அவமதித்ததுக்குத்தான் இந்தக் கண்டனம். ஸ்விக்கர் தொடர்பான குற்றச்சாட்டு கடைசி நேரத்தில் கைவிடப்பட்டது. அதன் பிறகு அவர் பேச எழுந்தாலே சக உறுப்பினர்கள் எழுந்து போய்விடுவார்கள். குடியும் கல்லீரல் நோயும் சேர்ந்துகொள்ள, 1957 மே 2-ல் 48 வயதில் இறந்தார்.

அப்போ அந்தப் பல் மருத்துவர் விவகாரம்? 1955-ல் அதே குழு, ஜான் மெக்லெல்லன் தலைமையில், ஃபைல்களை எடுத்துவைத்து நிதானமாக விசாரித்தது. ராணுவம் செய்த தவறுகள் 48 என்று பட்டியலே போட்டது. ஆக, மெக்கார்த்தி கேட்ட கேள்வியில் விஷயம் இருந்தது. அதுக்கான பதிலை வாங்க, மிரட்டலும் கேமராவும் தேவைப்படவே இல்லை.