மூச்சால் மெழுகுவர்த்தியை அணைத்தவர் - தாமஸ் மிட்ஜ்லி

ஜன்னல் ஏ.சி. குளிராவிட்டால் மெக்கானிக் வந்து, கேஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும் என்பார். நிரப்பியதும் குளிரும். குறைந்த கேஸ் எங்கே போயிற்று என்று நாம் கேட்பதில்லை. பழைய ஏ.சி.க்களில் உள்ள ஆர்-22 சேர்ந்த வாயுக் குடும்பத்தை வீடுகளுக்குள் கொண்டுவந்தவரும் அதைக் கேட்கவில்லை.

தாமஸ் மிட்ஜ்லி 1889ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். 1911ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். வேதியியல் அவர் பின்னால் தானே கற்றுக்கொண்டது. 1921ல், கார் எஞ்சினின் தட்டலை நிறுத்தப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலக்கலாம் என்று கண்டுபிடித்தார். ஈயம் நஞ்சு என்பது உலகம் அறிந்ததுதான். அவர் உடலிலேயே அது ஏறி, 1923ல் ஃப்ளோரிடாவில் ஓய்வெடுக்க நேர்ந்தது. 1924ல் நியூ ஜெர்ஸி ஆலை ஒன்றில் தொழிலாளர்கள் சித்தம் கலங்கி இறந்தார்கள். அதன் பிறகும் நிருபர்கள் முன் அந்தத் திரவத்தில் கை கழுவி, முகர்ந்தும் காட்டினார்.

1928ல் அவரிடம் வேறொரு வேலை வந்தது. அன்றைய குளிர்பதனப் பெட்டிகளில் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்ஸைடு, மெத்தில் குளோரைடு ஆகியவை இருந்தன. கசிந்தால் வீட்டில் உறங்குபவர்களின் உயிருக்கே ஆபத்து. மிட்ஜ்லியும் ஆல்பர்ட் ஹென்னியும் தனிம அட்டவணையை வைத்துத் தேடி, நஞ்சற்ற, தீப்பிடிக்காத ஃப்ரியானை அடைந்தனர். 1930ல் வேதியியலாளர் கூட்டத்தில் மிட்ஜ்லி அதை நெஞ்சு நிறைய இழுத்து, ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார்.

1940ல் போலியோ அவரைப் படுக்கையில் தள்ளியது. எழுந்து உட்காரத் தானே கயிறும் கப்பியும் அமைத்துக்கொண்டார். 1944ல், 55 வயதில், அந்தக் கயிறே கழுத்தில் இறுக இறந்தார். விபத்தா, தற்கொலையா என்ற பேச்சு இன்றும் உண்டு.

எதனோடும் வினைபுரியாததே ஃப்ரியானின் பெருமை. அதனாலேயே அது சிதையாமல் அடுக்கு மண்டலம் வரை ஏறி, புற ஊதாக் கதிரில் உடைந்து, குளோரினை விடுவித்து ஓசோனை அழிக்கும் என்று 1974ல் மோலினாவும் ரோலண்டும் காட்டினர். 1987ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஈயப் பெட்ரோல் உலகச் சாலைகளை விட்டுப் போக 2021 ஆயிற்று.

இரண்டையும் சேர்த்து மிட்ஜ்லியை ஒரே வசையில் முடிப்பது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஈயத்தில் அவர் அறிந்தே மறைத்தார். ஃப்ரியானில், அன்று எவரும் அறியாததை அவரும் அறியவில்லை. முதலாவது குற்றம், இரண்டாவது பிழை.

இன்று நமக்கு அந்தச் சலுகை இல்லை. ஏ.சி.யின் கேஸ் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவது, பெட்ரோல்போல் தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். ஓட்டையைக் கண்டு அடைக்காமல் நிரப்பினால், காசு கொடுத்து வானத்துக்கு அனுப்புகிறோம்.