எண்ணெயை மட்டும் நம்பாத ருடோல்ஃப் டீசல்

டீசல் லாரியை எரிவாயுவில் ஓடும்படி மாற்றுவது இந்தக் காலத்துப் புதுமை என்றே பலரும் எண்ணுகின்றனர். அதற்கான வழியை யோசித்து வைத்தவர், அந்த இயந்திரத்துக்குத் தம் பெயரைத் தந்த ருடோல்ஃப் டீசலேதான்.

1858 மார்ச் 18-ஆம் தேதி பாரிஸில், ஜெர்மானியப் பெற்றோருக்கு அவர் பிறந்தார். தந்தை தோல் பொருள்கள் செய்து பிழைத்தவர். 1870-இல் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டதும் குடும்பம் லண்டனுக்குக் கிளம்பியது. 12 வயதுப் பையன் மட்டும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகருக்கு, உறவினர் வீட்டில் தங்கிப் படிக்க அனுப்பப்பட்டான்.

மூனிக்கில் பொறியியல் படித்தபோது ஒன்று அவர் மனத்தை உறுத்தியது. நீராவி இயந்திரம் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றியது. காற்றைக் கடுமையாக அழுத்தினால் அது சூடேறும். அதில் எரிபொருளைச் செலுத்தினால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டார். 1893-இல் நடந்த முதல் சோதனையில் அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. உயிர் தப்பியதே பெரிது. 1897-இல் அவரது இயந்திரம் 26.2 விழுக்காட்டுத் திறனைக் காட்டியது.

அவர் பெயர் ஓர் எண்ணெயோடு ஒட்டிக்கொண்டது விந்தைதான். முதலில் அவர் நிலக்கரித் தூளையும் எரிபொருளாக நினைத்திருந்தார். 1900 பாரிஸ் கண்காட்சியில் அவ்வகை இயந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது.

எரிவாயுவில்தான் சிக்கல். வெறும் அழுத்தச் சூட்டில் அது எளிதில் பற்றாது. காற்றோடு வாயுவைக் கலந்து அழுத்தி, கடைசி நொடியில் எளிதில் பற்றும் எண்ணெயைக் கொஞ்சமாகப் பீய்ச்சினால், அந்தத் தீ வாயுவையும் எரித்துவிடும் என்றார் டீசல். இதற்கு 1901-இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார்.

இரண்டு எரிபொருளில் ஓடும் இன்றைய லாரிகளில் நடப்பதும் இதுதான். காற்று போகும் குழாயில் வாயு கலக்கிறது, டீசல் குறைகிறது. வழியில் வாயு தீர்ந்தாலும் டீசலிலேயே வண்டி வீடு வந்து சேரும். டீசலே வேண்டாம் என்றால் செலவு கூடும்: இன்ஜெக்டர் இருந்த இடத்தில் ஸ்பார்க் பிளக் வைத்து, பிஸ்டனையும் மாற்றி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

புகழ் வந்த அளவுக்கு டீசலிடம் பணம் நிலைக்கவில்லை. காப்புரிமைத் தகராறுகளும் முதலீட்டு நட்டமும் அவரைக் கடனில் தள்ளின. 1913 செப்டம்பர் 29-ஆம் தேதி இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து சென்ற டிரெஸ்டன் கப்பலில் உணவருந்திவிட்டு அறைக்குப் போனார். காலையில் அறை காலியாக இருந்தது. சில நாள்களில் கடலில் ஓர் உடல் தென்பட்டது. அதிலிருந்து எடுத்த பொருள்கள் தந்தையுடையவை என்று மகன் அடையாளம் காட்டினார். தற்கொலையா, வேறு ஏதேனுமா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

அப்போது அவருக்கு வயது 55. டீசல் இயந்திரம் பூட்டிய லாரிகள் ஜெர்மனியில் வெளிவந்தது அதற்குப் பத்தாண்டு கழித்து, 1923, 1924-ஆம் ஆண்டுகளில்.